ஓஎம்பிடி தரும் த்ரெட் எண் ஜிடிபி காட்டும் எண்ணோடு ஏன் பொருந்தவில்லை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓபன்எம்பி (ஒரே ப்ரோகிராமைப் பல த்ரெட்டுகளில் பிரித்து ஓட்டும் ஸ்டாண்டர்டு) ப்ரோகிராம்களுக்காக ஜிடிபி என்ற டீபக்கர் மேல் ஒரு சின்ன ப்ளகின் எழுதுகிறீர்கள். எல்எல்விஎம் கம்பைலரின் ஓபன்எம்பி ரன்டைமோடு வரும் ஓஎம்பிடி லைப்ரரியை (ரன்டைமின் உள்விவரங்களை டீபக்கருக்குச் சொல்லும் லைப்ரரி) ஏற்றி, ஒவ்வொரு ஓபன்எம்பி த்ரெட்டுக்கும் ஹேண்டில் வாங்கி, அதை வைத்து ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_ஐடி என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 140737 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண் ஒன்று வருகிறது. டாப் கட்டளையில் அப்படி ஓர் எண்ணே இல்லை. சரி, எல்டபிள்யூபி (கர்னல் த்ரெட்டுக்கு வைத்திருக்கும் எண்) வகையில் கொடு என்று கேட்டால் பிழைக் குறிதான் கிடைக்கிறது. நேட்டிவ் த்ரெட் ஐடியை எப்படித்தான் எடுப்பது, இது ரன்டைமில் உள்ள பிழையா, அதாவது பக்-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். (ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். ஹெடர் ஃபைலில் தேடினால் இதே வரிசையில் அடிக்கோடுகளோடு கிடைக்கும்.)

பக் இல்லை. உங்களுக்கு வந்ததும் நேட்டிவ் ஐடிதான். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த நேட்டிவ் ஐடி இல்லை. லினக்ஸில் ஒரே த்ரெட்டுக்கு அடையாளம் என்று சொல்லத்தக்க எண்கள் குறைந்தது நான்கு உண்டு, அதில் இரண்டு நேட்டிவ் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடும். உங்கள் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கீழேயிருந்து வருவோம். கர்னல் தன் கணக்குக்கு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறது. கெட்டிஐடி என்ற சிஸ்டம் கால் திருப்பித் தருவது அதுதான், டாப்-இல் பெரிய எச் அழுத்தினால் தெரிவதும் அதுதான், ப்ராக் டைரக்டரியில் ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே டாஸ்க் என்ற ஃபோல்டரைத் திறந்தால் வரிசையாக நிற்பதும் அதுதான். ஜிடிபி இதைத்தான் எல்டபிள்யூபி என்று போடுகிறது. முதன்மை த்ரெட்டுக்கு மட்டும் இந்த எண்ணும் ப்ராசஸ் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு மேலே, த்ரெட்டுகளை உருவாக்கும் பித்ரெட் லைப்ரரி தரும் பித்ரெட்_டி. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான கிலிப்சியில் இது பெயருக்குத்தான் அன்சைன்ட் லாங், உண்மையில் அந்த த்ரெட்டின் விவரங்கள் இருக்கும் ஸ்ட்ரக்டின் முகவரி. அதனால்தான் அவ்வளவு பெரிய எண்: 2-இன் 47-ஆம் அடுக்கு 140737488355328, ஜிடிபிக்குள் ஓடும் 64 பிட் ப்ராசஸின் ஸ்டாக்குகள் வழக்கமாக அதற்குச் சற்றுக் கீழேதான் உட்காரும். இதற்கும் மேலே ரன்டைம் தன் உள்கணக்குக்கு வைத்திருக்கும் குளோபல் எண். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஓஎம்பி_கெட்_த்ரெட்_நம் தரும் 0, 1, 2.

கடைசியாகச் சொன்னதை அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அது பள்ளிக்கூட ரோல் நம்பர் மாதிரி, வகுப்பு மாறினால் எண்ணும் மாறும். வெளியே இரண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு என்று உள்ளடங்கிய பேரலல் பகுதிகளை ஓடவிட்டுப் பாருங்கள், ஒரே நேரத்தில் நான்கு த்ரெட்டுகள் 0, 1, 0, 1 என்று பதில் சொல்லும். 'த்ரெட் 0-இல் நிற்கிறது' என்று உங்கள் ப்ளகின் அச்சிட்டால் எந்த 0 என்று யாருக்குத் தெரியும்?

கையில் வந்த எண் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் இலக்கங்களை எண்ணினாலே போதும். 64 பிட் லினக்ஸில் பிஐடி_மேக்ஸ் அமைப்பின் உச்ச வரம்பு 4194304. ஆக கர்னல் எண் ஏழு இலக்கத்தைத் தாண்டாது. பதினைந்து இலக்கம் என்றால் அது முகவரி, அதாவது பித்ரெட்_டி. மைனஸில் ஏதோ வருகிறது என்றால் எட்டு பைட் பித்ரெட்_டி-யை நீங்கள் நான்கு பைட் இன்ட்டில் வெட்டிப் படித்துவிட்டீர்கள் என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

இப்போது ஓஎம்பிடி பக்கம். இது 2018 நவம்பரில் வந்த ஓபன்எம்பி 5.0-இல் சேர்க்கப்பட்டது, எல்எல்விஎம் வெளியீட்டில் 14-இலிருந்து லைப்ரரியும் பைத்தான் ஜிடிபி ப்ளகினும் சேர்ந்தே வருகின்றன. வடிவமைப்பு, பித்ரெட்டுகளை டீபக் செய்ய உதவும் பழைய லிப்த்ரெட்_டிபி லைப்ரரியின் வழியில் போகிறது: ரன்டைமின் உள்கட்டமைப்பு தெரிந்த ஒரு ஷேர்டு லைப்ரரியை டீபக்கர் தன் ப்ராசஸுக்குள் ஏற்றிக்கொள்ளும். அந்த லைப்ரரி டீபக் செய்யப்படும் ப்ராசஸை நேரடியாகத் தொடவே தொடாது. ஒரு முகவரியைப் படிக்க வேண்டும், ஒரு சிம்பல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் டீபக்கர் கொடுத்த ஃபங்ஷன்களை, அதாவது கால்பேக்குகளை மட்டுமே கூப்பிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிரச்சினைக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

ஸ்டாண்டர்டு என்ன சொல்கிறது என்றால், த்ரெட் அடையாளம் என்பது வெறும் எண் இல்லை, மூன்று சேர்ந்தது: வகை, அளவு, பைட்டுகள். வகைக்குப் பித்ரெட், எல்டபிள்யூபி, விண்டோஸ் த்ரெட் என்று தனித்தனி மாறிலிகள். ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_ஐடி-க்கு நீங்கள் த்ரெட் ஹேண்டில், எந்த வகை வேண்டும், உங்கள் பஃபர் எத்தனை பைட், பஃபரின் முகவரி ஆகிய நான்கையும் தர வேண்டும். அளவு அந்த வகைக்குப் பொருந்தாவிட்டால் பேட்_இன்புட். அந்த வகையே ஆதரிக்கப்படவில்லை என்றால் அன்சப்போர்டட். எல்லா வகையையும் ஒரு ரன்டைம் தந்தாக வேண்டும் என்று எங்கும் கட்டாயம் இல்லை. இதுவரை சொன்னது ஸ்டாண்டர்டில் இருப்பது, தயங்காமல் நம்பலாம். அடுத்து வருவது எல்எல்விஎம் செயல்படுத்தல் பற்றியது, வெர்ஷனுக்கு வெர்ஷன் மாற அதற்கு முழு உரிமை உண்டு.

எல்எல்விஎம் ரன்டைமில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கேஎம்பி_இன்ஃபோ_டி என்ற ஒரு பெரிய ஸ்ட்ரக்ட் இருக்கிறது. அதற்குள் டிஎச்_இன்ஃபோ, அதற்குள் டிஎஸ், அதற்குள் டிஎஸ்_த்ரெட் என்ற ஃபீல்டு. லினக்ஸில் டிஎஸ்_த்ரெட் என்பது பித்ரெட்_கிரியேட் திருப்பித் தந்த பித்ரெட்_டி. நீங்கள் கெட்_த்ரெட்_ஐடி கேட்டதும் ஓஎம்பிடி லைப்ரரி இந்தப் படிகளில் இறங்கி டிஎஸ்_த்ரெட் பைட்டுகளை அப்படியே எடுத்து உங்கள் பஃபரில் போடுகிறது. அளவையும் அந்த ஃபீல்டின் அளவோடுதான் ஒப்பிடுகிறது, எட்டுக்குப் பதில் நான்கு என்று தந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். எல்டபிள்யூபி எண் ஏன் கிடைக்கவில்லை என்பதும் இதிலேயே விளங்கும்: ஓஎம்பிடி படிக்கும் அந்தப் பதிவில் கர்னல் எண் இல்லவே இல்லை. தன்னிடம் இல்லாததை அது தர முடியாது.

அந்த ஸ்ட்ரக்டைத் திறந்து பார்க்கும் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. பக்கத்திலேயே டிஎஸ்_டிஐடி என்று ஒரு ஃபீல்டு இருக்கும். ஆகா, டிஐடி, இதுதானே வேண்டும் என்று தோன்றும். அது கர்னல் டிஐடி கிடையாது, டீமுக்குள் (ஒரு பேரலல் பகுதியை ஓட்டும் த்ரெட் குழுவுக்குள்) த்ரெட்டின் வரிசை எண், மேலே திட்டித் தீர்த்தேனே அதே ரோல் நம்பர். டிஎஸ்_ஜிடிஐடி என்பது ரன்டைமின் குளோபல் எண். இரண்டையும் டாப்-இல் தேடிப் பயனில்லை.

மறுதிசையைப் பார்த்தால் சுவாரசியமான ஒரு வித்தியாசம் தெரியும். ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_ஹேண்டில் என்ற ஃபங்ஷன் நேட்டிவ் ஐடியை வாங்கிக்கொண்டு ஓபன்எம்பி ஹேண்டிலைத் தருகிறது. இது உள்ளே என்ன செய்கிறது? நீங்கள் கொடுத்த வகை, அளவு, பைட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் டீபக்கரின் கால்பேக்கிடமே, அதாவது கெட்_த்ரெட்_கான்டெக்ஸ்ட்_ஃபார்_த்ரெட்_ஐடி-யிடமே, 'இந்த த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் எது?' என்று திருப்பிக் கேட்கிறது. அது கிடைத்ததும் அந்த த்ரெட்டின் த்ரெட்-லோக்கல் மாறியான கேஎம்பி_ஜிடிஐடி-யைப் படித்து (பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு உண்டு), அதை இன்டெக்ஸாக வைத்து ரன்டைமின் த்ரெட் அரேயிலிருந்து விவரத்தை எடுக்கிறது. எல்டபிள்யூபி எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க உங்கள் கால்பேக்குக்குத்தான். ஆக எல்டபிள்யூபி கொடுத்து ஹேண்டில் வாங்கலாம், ஹேண்டில் கொடுத்து எல்டபிள்யூபி வாங்க முடியாது. வழி ஒரு பக்கம் திறந்திருக்கிறது.

திறந்திருக்கும் பக்கமாகவே போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஓபன்எம்பி த்ரெட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கர்னல் எண்ணைத் தேடி அலையாதீர்கள். ஜிடிபியிடம் ஏற்கெனவே எல்லா த்ரெட்டுகளின் பட்டியலும் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். பைத்தானில் இன்ஃபீரியர் ஆப்ஜெக்டின் த்ரெட்ஸ் மெத்தட் தருவதை ஒவ்வொன்றாக எடுத்தால், பிடிஐடி என்ற டப்பிளில் மூன்று எண்கள் இருக்கும்: ப்ராசஸ் எண், எல்டபிள்யூபி, டிஐடி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. மூன்றாவதன் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், லினக்ஸில் அது வெறும் 0. அதே த்ரெட் ஆப்ஜெக்டில் ஹேண்டில் மெத்தடைக் கூப்பிட்டால் பித்ரெட்_டி பைட்டுகளாகவே கிடைக்கும். அந்தப் பைட்டுகளை மாற்றாமல், எண்ணாக்காமல், நீளத்தோடு சேர்த்து ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_ஹேண்டில்-க்குக் கொடுங்கள். ஓகே வந்தால் அது ஓபன்எம்பி த்ரெட், அதன் எல்டபிள்யூபி உங்கள் கையிலேயே இருக்கிறது, ஜோடி சேர்ந்துவிட்டது. அன்அவெய்லபிள் வந்தால் அடுத்த த்ரெட்டுக்குப் போங்கள்.

இந்த அன்அவெய்லபிளைப் பிழை என்று சிவப்பில் அச்சிடும் ப்ளகின்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை. அந்த த்ரெட் ஓபன்எம்பிக்குத் தெரியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். எம்பிஐ லைப்ரரி தனக்கென்று ஓடவிடும் த்ரெட், நீங்களே பித்ரெட்_கிரியேட் செய்து ஃபைல் எழுத வைத்திருக்கும் த்ரெட், இவையெல்லாம் அப்படித்தான் பதில் தரும். மெயினின் முதல் வரியில் ப்ரேக்பாயின்ட் வைத்து நின்றால் முதன்மை த்ரெட்டுக்கும் இதே கதைதான், ரன்டைம் இன்னும் விழித்தே இருக்காது, ஜிடிஐடி மைனஸில் இருக்கும். சொல்லப்போனால் அந்த நேரத்தில் ஓஎம்பிடியை ஏற்றவே முடியாமல் போகலாம். லைப்ரரி எங்கே இருக்கிறது என்ற தகவலை ரன்டைம் தயார் செய்ததும் ஓஎம்பிடி_டிஎல்எல்_லொகேஷன்ஸ்_வேலிட் என்ற வெற்று ஃபங்ஷனைக் கூப்பிடும், டீபக்கர் அங்கே ப்ரேக்பாயின்ட் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ப்ரோகிராமை ஓட்டும் முன் ஓஎம்பி_டீபக் என்ற என்விரான்மென்ட் மாறியை எனேபிள்டு என்று வைக்கவும் மறக்காதீர்கள்.

கையில் ஓபன்எம்பி ஹேண்டில்தான் இருக்கிறது, அதிலிருந்து எல்டபிள்யூபி வேண்டும் என்ற நிலையும் வரும். ஒரு பேரலல் பகுதியின் ஹேண்டிலை வைத்து ஓஎம்பிடி_கெட்_த்ரெட்_இன்_பேரலல் மூலம் 'இந்த டீமின் 3-ஆம் த்ரெட்டைக் கொடு' என்று கேட்கும்போது அப்படித்தான் ஆகும். அப்போது இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன சுற்றில் வாங்கிவைத்த ஹேண்டில்களோடு ஓஎம்பிடி_த்ரெட்_ஹேண்டில்_கம்பேர் செய்து எது சமம் என்று பார்ப்பது. பாயின்டர் சமமா என்று பார்க்கக் கூடாது, ஒரே த்ரெட்டுக்கு இரண்டு முறை ஹேண்டில் கேட்டால் இரண்டு வேறு ஆப்ஜெக்டுகள் வரலாம். மற்றது, கெட்_த்ரெட்_ஐடி-யில் பித்ரெட் வகை கேட்டு எட்டு பைட் வாங்கி, ஜிடிபி பைத்தானின் த்ரெட்_ஃப்ரம்_ஹேண்டில் மெத்தடிடம் கொடுப்பது. அது த்ரெட் ஆப்ஜெக்டைத் தரும், அதன் பிடிஐடி-யில் எல்டபிள்யூபி இருக்கும். நான் இரண்டாவதைத்தான் பயன்படுத்துகிறேன், கோடு சின்னதாக இருக்கும். எந்த வழியானாலும் வேலை முடிந்ததும் ஹேண்டில்களை ரிலீஸ் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூறு முறை ஸ்டெப் செய்த பிறகு டீபக்கரின் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

இதற்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை உண்டு: ஜிடிபிக்கு லிப்த்ரெட்_டிபி கிடைத்திருக்க வேண்டும். ப்ரோகிராம் தொடங்கும்போது த்ரெட் டீபக்கிங் லிப்த்ரெட்_டிபி வழியாக இயங்குகிறது என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி வரும், எல்லோரும் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது. அது வரவில்லை என்றால் ஜிடிபியின் இன்ஃபோ த்ரெட்ஸ் கட்டளை வெறும் எல்டபிள்யூபி எண்ணை மட்டும் காட்டும், பெரிய ஹெக்ஸ் எண் இருக்காது, ஹேண்டில் மெத்தடும் கைவிடும், த்ரெட்-லோக்கல் மாறிகளைப் படிப்பதும் பெரும்பாலும் படுத்துவிடும். கன்டெய்னருக்குள் ஒரு கிலிப்சி, வெளியே வேறு கிலிப்சி என்று இருக்கும்போது இது அடிக்கடி நடக்கும். ஆட்டோ-லோடு சேஃப்-பாத் அமைப்பில் லைப்ரரியின் இடம் இல்லாவிட்டாலும் இதே கதி.

அப்படி மாட்டிக்கொண்டால், அல்லது ப்ரோகிராம் விழுந்தபோது பதிவான கோர் ஃபைலில் வேலை செய்தால், எக்ஸ்86-64 கணினியில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. கிலிப்சியில் பித்ரெட்_டி-யின் மதிப்பும் எஃப்எஸ்_பேஸ் ரெஜிஸ்டரின் மதிப்பும் ஒன்றே. த்ரெட் கன்ட்ரோல் பிளாக் அந்த ஸ்ட்ரக்டின் தலைப்பிலேயே இருப்பதால் இப்படி. ஜிடிபியில் ஒரு த்ரெட்டுக்கு மாறி எஃப்எஸ்_பேஸை அச்சிட்டால் வருவதும், ஓஎம்பிடி தந்த பதினைந்து இலக்கமும் ஒன்றாக இருக்கும், செய்து பாருங்கள். மறுபக்கம் போக, அந்த முகவரியில் இருக்கும் ஸ்ட்ரக்ட் பித்ரெட்டுக்குள் டிஐடி என்றே ஒரு ஃபீல்டு இருக்கிறது, அது அசல் கர்னல் எண். கிலிப்சியின் டீபக் சிம்பல்கள் நிறுவியிருந்தால் முகவரியை ஸ்ட்ரக்ட் பித்ரெட் பாயின்டராகக் காஸ்ட் செய்து டிஐடி-யைக் கேட்டால் போதும். சிம்பல் இல்லாவிட்டால் எக்ஸ்86-64-இல் பல காலமாக அது 720-ஆவது பைட்டில் இருந்துவருகிறது. ஆனால் இந்த 720-ஐ ப்ளகினில் எழுதிவைத்துவிடாதீர்கள். எந்த ஏபிஐ-யிலும் இல்லாத எண் அது, கிலிப்சி நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். கையால் ஒருமுறை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏஆர்ச்64-க்கு (64 பிட் ஆர்ம்) எஃப்எஸ்_பேஸ் கணக்கு செல்லாது, அங்கே த்ரெட் பாயின்டர் ரெஜிஸ்டர் அந்த ஸ்ட்ரக்டின் முடிவைக் காட்டுகிறது, ஸ்ட்ரக்டின் அளவைக் கழித்தால்தான் பித்ரெட்_டி வரும்.

டீபக்கர் எதுவும் வேண்டாம், டாப்-இல் தெரியும் எண் எந்த ஓபன்எம்பி த்ரெட் என்று தெரிந்தால் போதும் என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டியதில்லை. அதே 5.0-இல் ஓஎம்பி_டிஸ்ப்ளே_அஃபினிட்டி, ஓஎம்பி_அஃபினிட்டி_ஃபார்மட் என்று இரண்டு என்விரான்மென்ட் மாறிகள் வந்தன. முதலாவதை ட்ரூ என்று வைத்தால் பேரலல் பகுதிக்குள் நுழையும்போது ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு வரி அச்சிடும். வரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இரண்டாவது தீர்மானிக்கும், அதில் நேட்டிவ்_த்ரெட்_ஐடி என்றே ஒரு ஃபீல்டு உண்டு. வேடிக்கை என்னவென்றால் எல்எல்விஎம் ரன்டைம் அந்த இடத்தில் கர்னல் எண்ணைப் போடுகிறது, ஜிசிசியின் லிப்கோம்ப் ஹெக்ஸில் பித்ரெட்_டி-யைப் போடுகிறது. ஒரே ஸ்டாண்டர்டு, ஒரே ஃபீல்டு, இரண்டு பதில், இரண்டும் சரி. எது நேட்டிவ் என்பதை ஸ்டாண்டர்டு ரன்டைமிடமே விட்டுவிட்டது. இன்னொன்று, எல்எல்விஎம் ரன்டைமுக்குள் அஃபினிட்டி வரியில் கர்னல் எண் வருகிறது, ஓஎம்பிடி வழியாகப் பித்ரெட்_டி வருகிறது. அஃபினிட்டி வரியை அந்தந்த த்ரெட்டே ஓடி அச்சிடுகிறது, கெட்டிஐடி-யைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும். ஓஎம்பிடி கேட்கும்போது ப்ராசஸ் உறைந்து நிற்கிறது, யாரும் எதையும் கூப்பிட முடியாது, மெமரியில் ஏற்கெனவே எழுதியிருப்பதைப் படிப்பது ஒன்றுதான் வழி.

ஓஎம்பிடி வழியாகவே கர்னல் எண்ணை எடுக்கலாம் என்று சிலர் சொல்வது உண்மையில் இந்த ஓஎம்பிடி (OMPD) பற்றி இல்லை, அதன் உடன்பிறப்பான டூல் இன்டர்ஃபேஸ் (OMPT) பற்றி. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி விழுந்துவிடுவதால் அதை டூல் இன்டர்ஃபேஸ் என்றே சொல்கிறேன். அது ப்ராசஸுக்கு உள்ளேயே ஓடும். த்ரெட் தொடங்கும்போது வரும் த்ரெட்_பிகின் கால்பேக்கில் கெட்டிஐடி கூப்பிட்டு ஒரு அட்டவணையில் எழுதிவைத்துவிட்டால், டீபக்கர் நின்ற பிறகு அந்த அட்டவணையைச் சாதாரண மாறியாகவே படிக்கலாம். நீங்களே பில்டு செய்யும் ப்ரோகிராம் என்றால் நல்ல வழிதான். கெட்டிஐடிக்குக் கிலிப்சி 2.30-இலிருந்துதான் ராப்பர் ஃபங்ஷன் உண்டு, அதற்கு முந்தைய கணினிகளில் சிஸ்கால் என்று நேராகக் கூப்பிட வேண்டும்.

ஜோடி சேர்த்த அட்டவணையை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு பேரலல் பகுதி முடிந்ததும் வொர்க்கர் த்ரெட்டுகள் சாவதில்லை, ரன்டைமின் பூலுக்குப் போய்க் காத்திருக்கின்றன. எல்எல்விஎம்-இல் இயல்பாக 200 மில்லிசெகண்டு வரை வெறுமனே சுற்றிக்கொண்டு, பிறகு தூங்கும். கேஎம்பி_பிளாக்டைம் என்பது இதுதான், வேலையே இல்லாத த்ரெட் டாப்-இல் சிபியூவைத் தின்பதுபோலத் தெரிவதும் இதனால்தான். அடுத்த பகுதியில் அதே த்ரெட் வேறு டீமில் வேறு வரிசை எண்ணோடு எழுந்து வரலாம். பித்ரெட்_டி, கர்னல் எண் இரண்டும் மாறாது, டீம் எண் மாறும். த்ரெட் நிஜமாகவே முடிந்துபோனால் நிலைமை தலைகீழ்: கிலிப்சி ஸ்டாக்குகளைத் தூக்கிப் போடாமல் சேமித்து வைத்துக்கொள்கிறது, புது த்ரெட்டுக்கு அதே ஸ்டாக்கைக் கொடுத்தால் அதே முகவரி, அதாவது அச்சாக அதே பித்ரெட்_டி வரும், ஆனால் கர்னல் எண் வேறு. பித்ரெட்_டி-யைக் கீயாக வைத்து டிக்ஷனரி கட்டினால் இறந்துபோன த்ரெட்டின் தகவல் உயிருள்ள த்ரெட்டின் பெயரில் காட்டப்படும். ப்ராசஸ் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அட்டவணையை முழுக்கப் புதிதாகக் கட்டுங்கள். நூறு இருநூறு த்ரெட்டுக்கு அது ஒரு செலவே இல்லை.

கன்டெய்னர் பற்றி ஒரு வார்த்தை. கர்னல் எண் என்பதும் பிஐடி நேம்ஸ்பேஸை, அதாவது கன்டெய்னருக்கென்று தனியாக ஓடும் எண்வரிசையைப் பொறுத்தது. உள்ளே ஓடும் ப்ரோகிராம் கெட்டிஐடி கூப்பிட்டால் 17 என்று வரும், வெளியே இருந்து அட்டாச் செய்த ஜிடிபி 21873 என்று காட்டும், இரண்டும் அதே த்ரெட். அஃபினிட்டி வரியில் வந்த எண்ணும் டீபக்கர் எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். வெளியிலிருந்து ப்ராக்கில் அந்த த்ரெட்டின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தால் என்எஸ்பிஐடி என்று ஒரு வரி இருக்கும், வெளி எண்ணும் உள் எண்ணும் அடுத்தடுத்து நிற்கும்.

நான் சொன்னது லினக்ஸ், கிலிப்சி, எல்எல்விஎம் ரன்டைம் என்ற கூட்டணிக்கு. ஜிசிசியில் கம்பைல் செய்து லிப்கோம்போடு இணைத்திருந்தால் இந்த இன்டர்ஃபேஸை எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் கையேட்டின் 5.0 பட்டியலிலேயே இதை இல்லை என்றுதான் குறித்திருக்கிறார்கள். கிலிப்சிக்குப் பதில் மியூசல் என்ற சி லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் போன்றவற்றிலும் பித்ரெட்_டி பாயின்டர்தான், ஆனால் ஸ்ட்ரக்ட் வேறு, 720 எல்லாம் அங்கே பேசக் கூடாது. விண்டோஸில் நான் இதைச் செய்ததில்லை, அதனால் அங்கே எப்படி என்று ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. ஜிபியூவுக்கு ஆஃப்லோடு செய்த பகுதிகளில் எல்டபிள்யூபி என்ற கேள்வியே எழாது, அங்கே இருப்பவை பிளாக், த்ரெட் ஆயத்தொலைவுகள்.

உங்கள் ப்ளகினுக்குத் திரும்பினால், நான் முதலில் பார்க்கச் சொல்வது கெட்_த்ரெட்_ஐடி கூப்பிடும் இடங்களில் எங்காவது பஃபரை இன்ட் என்று அறிவித்திருக்கிறீர்களா என்பதைத்தான். இருந்தால் அதை எட்டு பைட் ஆக்கி, வகையைப் பித்ரெட் என்று வையுங்கள், வந்ததை எஃப்எஸ்_பேஸோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் லைப்ரரி பக்கம் எல்லாம் சரி, மிச்சம் த்ரெட்_ஃப்ரம்_ஹேண்டில் வேலை. ஒத்துவராவிட்டால் எல்எல்விஎம் வெர்ஷன், வந்த பிழைக் குறி பேட்_இன்புட்டா அன்சப்போர்டடா, லிப்த்ரெட்_டிபி வரி வந்ததா இல்லையா என்ற மூன்றையும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.